சிறிய நாய், மென்மையான வயிறு: குடற்புழு மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மூன்று கிலோ எடையுள்ள பொமரேனியனுக்கோ ஷிட்சுவுக்கோ புழு மருந்து கொடுத்த அன்றிரவே வாந்தியும் பேதியும் கண்டுவிட்டால், ‘இந்த மருந்து இதற்கு ஒத்துக்கொள்ளாது’ என்று முடிவு கட்டி, அடுத்த ஒரு வருடத்துக்கு எதுவுமே கொடுக்காமல் விட்டுவிடுகிறவர்களை, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் கிளினிக்கின் மருந்து மேசையிலிருந்து அடிக்கடி பார்க்கிறேன். விசாரித்தால், எடையை ஊகித்திருப்பார்கள், எந்தப் புழு என்று தெரியாமல் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள், அதையும் டின் பாலில் கரைத்துக் கொடுத்திருப்பார்கள். மருந்தின் மேல் பழி விழுந்திருக்கும்.

வயிறு மென்மையான நாய்க்கென்று ‘லேசான’ புழு மருந்து தனியாகக் கிடையாது. இருக்கும் புழுவை அறிந்து, அதற்கு உரிய மருந்தை மட்டும், அன்றைய எடைக்கு, வயிறு அடங்கியிருக்கும் நாளில் கொடுத்தால் பெரும்பாலான தொந்தரவுகள் வராமலே போகும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படியில் எடுக்கும் முடிவு ஊகமாகிவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நூறு கிராம் வேறுபாட்டையும் காட்டும் தராசு, ஊசி இல்லாத 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகள், இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பா, நாயின் தடுப்பூசி அட்டை, குறிப்பெழுத ஒரு நோட்டு ஆகியவை போதும். கிளினிக் எந்த நாளில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வர அரை மணி நேரம் ஆகும் வீடுகளில், இரவு ஒன்பது மணிக்கு அந்த விவரத்தைத் தேடத் தொடங்குவது வீண் பதற்றம்.

2. வயிறு எதனால் கெடுகிறது என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

‘இதற்கு எப்போதுமே வயிறு சரியில்லை’ என்று சொல்லப்படும் நாய்களில் சிலவற்றுக்குக் காரணமே குடற்புழுதான். சாட்டைப்புழு பெருங்குடலில் தங்கியிருந்து, விட்டுவிட்டு வரும் பேதியையும், சளியும் சில வேளை இரத்தமும் கலந்த மலத்தையும் உண்டாக்கும். கொக்கிப்புழு சிறுகுடலில் இரத்தம் குடிப்பதால் மலம் கறுத்துப் பிசுபிசுப்பாக வரும், ஈறு வெளுக்கும். இப்படிப்பட்ட நாயிடம் ‘வயிறு மென்மை’ என்று சொல்லி மருந்தைத் தள்ளிப்போடுவது, தொந்தரவுக்குக் காரணமானதையே பாதுகாப்பதாக முடியும்.

மாறாக, புழுவுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. ஆட்டுக் கொழுப்பும் தேங்காய்ப்பால் குழம்பும் தின்று கணைய அழற்சி வருவது சிறிய இன நாய்களிடம் அடிக்கடி காணப்படுவது. ஜியார்டியா என்பது புழு அல்ல. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதற்கு வழக்கமான ஒரு வேளைப் புழு மாத்திரை கேட்காது. குறிப்பிட்ட இறைச்சியோ சோயாவோ ஒத்துக்கொள்ளாத நாய்களும் இருக்கின்றன. இவற்றுக்கு மருந்தைவிட அதில் சேர்க்கப்பட்ட சுவையூட்டிதான் சிக்கல்.

ஆகவே, ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள்: எப்போது என்ன தின்றது, மலம் எப்படி இருந்தது, எந்த நேரத்தில் வாந்தி எடுத்தது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நீராக வாந்தி எடுக்கும் நாயும், சாப்பிட்ட அரை மணியில் உணவாகவே கக்கும் நாயும் ஒன்றல்ல. முதல் வகை நாய்க்கு வெறும் வயிற்றில் மருந்து கொடுத்தால் நிச்சயம் வாந்தி எடுக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் இந்த ஒரு வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டி திடீரென்று சாப்பிட மறுத்து, வாந்தியும் இரத்தப் பேதியும் கண்டால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அப்போது புழு மருந்தைத் தேடாமல் உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

3. எடையை மருந்து கொடுக்கும் நாளுக்குப் பக்கத்தில் நிறுங்கள்

‘மூன்று மூன்றரை கிலோ இருக்கும்’ என்ற பதில் எனக்கு எந்த வகையிலும் பயன்படாது. இருபது கிலோ நாயிடம் அரை கிலோ பிசகினால் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று கிலோ நாயிடம் அதே அரை கிலோ, மருந்தளவில் ஆறில் ஒரு பங்கு. குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது. கூட்டிக் கொடுத்தால் வயிறு கெடும்.

நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழிக்கும் முறை பெரிய நாய்க்குப் போதும். சிறிய நாய்க்கு அந்தத் தராசின் பிழையே அரை கிலோ வந்துவிடும். மளிகைக்கடைத் தராசில், துண்டு விரித்த பிளாஸ்டிக் கூடையில் நாயை உட்காரவைத்து நிறுத்து, கூடையின் எடையைக் கழியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் கிளினிக்கில் நிறுத்துக்கொள்ளலாம். எடை பார்ப்பதற்கு மட்டும் வருகிறவர்களிடம் நாங்கள் பணம் கேட்பதில்லை.

வளரும் குட்டியின் எடை ஒரு வாரத்திலேயே கணிசமாக ஏறிவிடும். சென்ற மாத அட்டையில் உள்ள எடையைப் பார்த்து மருந்தை அளப்பது, புதியவர்கள் தெரியாமலே செய்யும் தவறு.

4. மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ‘எல்லாப் புழுவுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை இருக்கும்போது எதற்கு டெஸ்ட்’ என்ற கேள்வி, வயிறு திடமான நாயைப் பொறுத்தவரை நியாயமானதே. மென்மையான வயிற்றில் தேவையில்லாத ஒவ்வொரு மருந்தும் கூடுதல் சுமை என்பதால், இங்கே அந்த வாதம் நிற்காது.

மலம் புதிதாக இருக்க வேண்டும். நம் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளிலேயே பொரித்துவிடும். மண்ணில் கிடந்த மலத்தில் மண்ணில் வாழும் வேறு புழுக்களும் ஏறியிருக்கும். எனவே நாய் மலம் கழித்தவுடன், மண் படாத மேல்பகுதியிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து டப்பாவில் மூடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம், முட்டைகள் சிதைந்துவிடும்.

சாட்டைப்புழு தினமும் முட்டையிடாது. சந்தேகம் இருந்தால், மூன்று நாள் மலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொண்டுவருவது நல்லது. மேலும், அது குடலுக்குள் போன பிறகு முட்டை தென்படப் பத்து முதல் பதின்மூன்று வாரம் ஆகும். கொக்கிப்புழுவுக்கு இரண்டு மூன்று வாரம். ஆகவே ஒரு பரிசோதனையில் எதுவும் இல்லை என்றால் புழுவே இல்லை என்று பொருளல்ல.

நாடாப்புழு இந்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனெனில் அதன் முட்டைகள் துண்டுகளுக்குள் பொதிந்து வெளியேறுகின்றன. வாலடியிலும் படுக்கை விரிப்பிலும் அரிசி மணி அளவில் வெள்ளைத் துண்டுகள் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். புதியதாக இருந்தால் மெல்ல நெளியும். காய்ந்தால் மஞ்சளாகச் சுருங்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வந்தால் மருத்துவருக்கு அதுவே போதும்.

5. மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை

நாயின் வயது, கருவுற்றிருக்கிறதா, பால் கொடுக்கிறதா, தற்போது வேறென்ன மருந்து உட்கொள்கிறது, உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் எதைப் போடுகிறீர்கள், முன்பு எந்தப் புழு மருந்துக்கு என்ன ஆனது என்பவற்றைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற பதில் போதாது. கொடுத்து எத்தனை நிமிடத்தில், எத்தனை முறை, எதனுடன் கொடுத்தபோது என்ற விவரம்தான் வேண்டும். பழைய அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு மில்பிமைசின், மாக்சிடெக்டின், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளைத் தொடங்குமுன் இதயப்புழுவுக்கான இரத்தப் பரிசோதனை செய்வது முறை. இதயப்புழு கொசு வழியாகப் பரவுவது. நம் ஊரில் கொசு இல்லாத மாதமே இல்லை. இரத்தத்தில் அதன் நுண்புழுக்கள் நிறைந்திருக்கும்போது இம்மருந்துகள் அவற்றை ஒரே நேரத்தில் கொன்றால் நாய்க்குக் கடுமையான எதிர்விளைவு ஏற்படலாம்.

6. புழுவுக்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் மட்டும் இருந்தால், பைரன்டெல் என்ற ஒரே மருந்து பெரும்பாலும் போதும். அது குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே ஏறும். இரண்டு வாரக் குட்டிக்கும் கொடுக்கலாம். மென்மையான வயிற்றுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது இதைத்தான். வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மி.கி. பைரன்டெல். ஆனால் சில அட்டைகளில் பைரன்டெல் எம்போனேட் என்ற உப்பின் எடை அச்சிடப்பட்டிருக்கும்: 144 மி.கி. எம்போனேட்டில் இருப்பது 50 மி.கி. பைரன்டெல். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கணக்கிட்டால் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கு மாறிவிடும். பிப்பரசின் என்ற பழைய புழு மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும்.

சாட்டைப்புழு இருந்தால் பைரன்டெல் உதவாது. அங்கே ஃபென்பெண்டசோல் பொருத்தமானது. கிலோவுக்கு 50 மி.கி. வீதம் தொடர்ந்து மூன்று நாள் உணவோடு கொடுக்கப்படும்; உருண்டைப்புழு, கொக்கிப்புழுவையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். மூன்று நாள் கொடுப்பது சலிப்பாகத் தோன்றினாலும், உணவோடு கலந்தே கொடுக்கலாம் என்பதால் வயிறு கெடும் நாய்களுக்கு இது நன்றாக ஒத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். குறை ஒன்று உண்டு: தெள்ளுப்பூச்சி வழியாக வரும் நாடாப்புழுவை இது கொல்லாது.

இதன் செறிவைக் கவனியுங்கள். நாய்க்கென்று வருவதோடு ஆடு மாடுகளுக்கென்றும் இம்மருந்து திரவமாக விற்கப்படுகிறது. 3.2 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 160 மி.கி. வேண்டும். 10 சதவீதத் திரவத்தில் அது 1.6 மி.லி.; 2.5 சதவீதத் திரவத்தில் 6.4 மி.லி. ‘பக்கத்து வீட்டில் ஒன்றரை மி.லி. கொடுத்தார்கள்’ என்று கேட்டு வந்து அதே அளவைக் கொடுப்பவரின் கையில் எந்தப் போத்தல் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல். கிலோவுக்கு 5 மி.கி., பெரும்பாலும் ஒரே வேளை. இது கடும் கசப்பு. மாத்திரை வாயில் உடைந்தால் நாய் நுரை தள்ளி, தலையை உதறி, முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். பார்ப்பதற்கு விஷம் வைத்தது போலவே இருக்கும். கசப்பினால் மட்டும் என்றால், வாயில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காமல் தள்ளாட்டமோ நடுக்கமோ வந்தால்தான் அது வேறு விஷயம். அத்துடன், அதே நாளில் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போடாவிட்டால் மூன்று வாரத்தில் நாடாப்புழுத் துண்டுகள் மீண்டும் தென்படும்.

பைரன்டெல், பிராசிகுவாண்டெல், ஃபெபன்டெல் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரைதான் பெட் ஷாப்பில் கேட்டவுடன் கையில் வருவது. நல்ல மருந்துதான், பல வகைப் புழுக்கள் கலந்திருந்தாலும், பரிசோதனைக்கு வழியே இல்லாவிட்டாலும் அதுவே ஏற்றது. ஆயினும் பரவலாகக் கிடைக்கும் மாத்திரை பத்துக் கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யப்பட்டது. இரண்டு கிலோ நாய்க்கு அதில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுப்பது சமையலறைக் கத்தியால் ஆகிற வேலையல்ல. குட்டிகளுக்கான திரவமோ, சிறிய நாய்களுக்கென்றே வரும் மில்பிமைசின்–பிராசிகுவாண்டெல் சிறு மாத்திரையோ கிடைக்குமா என்று கேளுங்கள். பின்னதை உணவோடு அல்லது உணவுக்குப் பின் கொடுக்க வேண்டும். இதயப்புழுவைத் தடுக்கவும் அது பயன்படும்.

7. வீட்டில் இருக்கிறது என்பதற்காகக் கொடுக்கக்கூடாதவை

பிள்ளைகளுக்கு வாங்கி மீந்த அல்பெண்டசோல் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அம்மருந்து நாய்களின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. மனிதருக்கான இனிப்புத் திரவ மருந்துகளில் சைலிட்டால் கலந்திருந்தால் அது நாயின் சர்க்கரை அளவை ஆபத்தான அளவுக்கு இறக்கும், கல்லீரலையும் தாக்கும்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை ‘ஒரே ஒரு சொட்டு’ வாயில் விடுவது அதைவிட அபாயம். 1 சதவீத மருந்தின் ஒரு மி.லி.யில் 10 மி.கி. இருக்கிறது, ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. என்றால் அதில் 500 மைக்ரோகிராம். மூன்று கிலோ நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்குத் தேவையானது 18 மைக்ரோகிராம். ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு. கோலி இனக் கலப்புள்ள நாய்களில் சிலவற்றுக்கு மரபிலேயே இந்த மருந்து மூளைக்குள் ஏறிவிடும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பூண்டு, வெங்காயம் இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. பாக்கைச் சீவிக் கொடுத்தால் புழு வெளியேறிவிடும் என்பது பெரியவர்கள் சொல்வது; அது முழுப் பொய்யல்ல. பாக்கிலுள்ள அரெகோலின் ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழுப் பேதி மருந்தாகவே பயன்பட்டது. அது வேலை செய்யும் விதமோ குடலை முறுக்கிப் பேதியாக்குவது. சிறிய நாய்க்கு, அதுவும் மென்மையான வயிற்றுக்கு, அதைக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

8. மருந்தின் வடிவத்தைத் தீர்மானியுங்கள்

மருந்து முடிவான பிறகே வடிவம். முதலில் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, ‘மாத்திரை வேண்டாம், முதுகில் விடுகிற சொட்டு கொடுங்கள்’ என்று கேட்கிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: எல்லாச் சொட்டு மருந்தும் எல்லாப் புழுவையும் கொல்லாது. செலமெக்டின் சொட்டு தெள்ளுப்பூச்சிக்கும் இதயப்புழுத் தடுப்புக்கும் நல்லது. நாயின் கொக்கிப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. இமிடாக்ளோபிரிட்–மாக்சிடெக்டின் சொட்டு உருண்டை, கொக்கி, சாட்டைப்புழுக்களைக் கவனிக்கும், நாடாப்புழுவை விட்டுவிடும்.

வாய் வழியாக எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கும் நாய்க்கு இரண்டாவது வகை உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் மாக்சிடெக்டினை நக்கிவிட்டால் உமிழ்நீர் வடிதல், வாந்தி முதல் நரம்புக் கோளாறு வரை வரலாம். கழுத்தின் பின்புறம், தோள்களுக்கிடையே, முடியை விலக்கித் தோலின் மேலேயே விடுங்கள். வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால், காயும் வரை தனியாக வையுங்கள். தன் முதுகை நக்க முடியாத நாயை மற்றது நக்கிவிடும்.

மென்று தின்னும் சுவை மாத்திரைகளில் பல, மாட்டிறைச்சிச் சுவையும் சோயாப் புரதமும் சேர்ந்தவை. உணவு ஒவ்வாமை உள்ள நாய்க்கு அதுவே அரிப்பையும் பேதியையும் கிளப்பக்கூடும். வீட்டில் மாட்டிறைச்சி புழங்காதவர்களும் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வாங்கிச் சென்ற பிறகு பெட்டியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

9. நாளையும் உணவையும் ஒழுங்குபடுத்துங்கள்

அவசரம் இல்லாத நிலையில், மலம் கெட்டியாக இருக்கும் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு மருந்து கொடுங்கள். பேதி நடக்கும் நாளில் கொடுத்தால், மருந்தினால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்லவே முடியாது. அதே காரணத்துக்காக, அந்த வாரத்தில் உணவு மாற்றமும் புதிய தின்பண்டமும் தடுப்பூசியும் வேண்டாம்.

காலை நேரமே நல்லது, ஏனெனில் தொந்தரவு வந்தால் பகலிலேயே தெரியும், கிளினிக்கும் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலையும், தீபாவளி, தைப்பூசத்துக்கு முந்தின நாளும் வேண்டாம். பண்டிகை நாளில் வருகிறவர் எல்லாரும் முறுக்கும் ஆட்டெலும்பும் ஊட்டிவிடுவார்கள். பழி மருந்தின் மேல் விழும்.

முன்னிரவே பட்டினி போடும் பழைய பழக்கம் இன்றைய மருந்துகளுக்குத் தேவையில்லை. மிகச் சிறிய நாய்க்கும் குட்டிக்கும் அது தீங்கும் கூட; நீண்ட பட்டினியில் சர்க்கரை இறங்கி நாய் துவண்டுவிடும். வழக்கமான காலை உணவில் பாதியைக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மருந்து, பிறகு மீதி உணவு என்ற முறை பல நாய்களுக்கு ஒத்துப்போகிறது.

மருந்தை மறைக்கப் பயன்படுத்தும் உணவில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டின் பாலும் பசும்பாலும் பல நாய்களுக்குத் தாமாகவே பேதியாக்கும். மைலோவில் கோக்கோ இருக்கிறது; நாய்க்குக் கோக்கோ ஆகாது. தக்காளிச் சாற்றில் வரும் டின் சார்டின், குழம்பில் தோய்த்த ரொட்டி சானாய் இரண்டும் எண்ணெயும் மசாலாவும். தோலும் கொழுப்பும் நீக்கி, உப்பின்றி வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று போதும். கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதன் வழக்கமான உணவையே பிசைந்து உருட்டிக்கொள்ளுங்கள்.

10. கொடுக்கும் முறை

முதலில் வெறும் உருண்டை, இரண்டாவதில் மருந்து, மூன்றாவதாக மறுபடியும் வெறும் உருண்டை என்று அடுத்தடுத்துக் கொடுத்தால், மூன்றாவதை எதிர்பார்த்து இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். பிராசிகுவாண்டெல் உள்ள மாத்திரையைப் பொடியாக்காதீர்கள்; கசப்பு முழு உணவிலும் பரவி, அந்த உணவையே நாய் வெறுத்துவிடும்.

திரவ மருந்து என்றால் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்திருக்கும் மருந்து கலக்காவிட்டால் முதல் வேளை நீராகவும் கடைசி வேளை அடர்த்தியாகவும் போய்விடும். சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கமாக, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். தலையை மேலே தூக்கி ஒரேயடியாக ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும்.

கொடுத்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

11. பிறகு மூன்று நாள் கவனிக்க வேண்டியவை

ஒரு முறை வாந்தி, ஒரு நாள் இளகிய மலம், சிறிது சோர்வு ஆகியவை நாய் தண்ணீர் குடித்துக்கொண்டும் கூப்பிட்டால் வந்துகொண்டும் இருக்கும் வரை பெரும்பாலும் தாமாகவே அடங்கும். குட்டிகளின் மலத்தில் பத்து செ.மீ.க்கு மேல் நீளமுள்ள வெள்ளை உருண்டைப்புழுக்கள் வந்தால் பயப்பட வேண்டாம். மருந்து வேலை செய்திருக்கிறது. எதுவும் வராவிட்டாலும் மருந்து தோற்றதாகாது. கொக்கிப்புழு சிறியது, சாட்டைப்புழு மெல்லியது; பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும். நாடாப்புழு குடலிலேயே செரித்துவிடும்.

மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால், அதில் மாத்திரை முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தைக் குறித்து, கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். நீங்களாகவே மறுவேளை கொடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே தங்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. கலங்கியிருக்கும் வயிறு இரண்டாவதையும் வெளியே தள்ளும்.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்: மீண்டும் மீண்டும் வாந்தி, மலத்தில் இரத்தம், தண்ணீரையும் மறுப்பது, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, முகம் வீங்குவது, வயிறு உப்பி வலிப்பது, ஈறு வெளுப்பது. இரண்டு கிலோ நாய்க்கு உடலில் இருக்கும் நீரே கொஞ்சம்தான். ஓரிரவுப் பேதியில் வற்றிவிடும். ஈறு வெளுத்த குட்டிக்குக் கொக்கிப்புழு ஏற்கெனவே இரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். அதற்குப் புழு மருந்து மட்டும் போதாது, இரத்தக் குறைவுக்கும் சிகிச்சை வேண்டும்.

12. மறுவேளையும் மறுபரிசோதனையும்

ஒரு வேளை மருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது பொதுவான தவறு. மருந்து கொல்வது அன்று குடலில் இருக்கும் புழுக்களை. தசையில் உறங்கிக்கிடக்கும் கொக்கிப்புழுக் குஞ்சுகள் பிறகு குடலுக்கு வந்து வளரும். ஆகவே இரண்டு மூன்று வாரத்தில் மறுவேளை கொடுக்கப்படும். சாட்டைப்புழுவுக்கு அதன் நீண்ட சுழற்சிக்கு ஏற்ப மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் மருந்துக்குப் பத்து முதல் பதினான்கு நாளில் மலத்தை மறுபடி பரிசோதித்தால், மருந்து கேட்டதா என்பது தெரியும்.

குட்டிகளுக்கு 2, 4, 6, 8 வாரங்களிலும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுப்பது வழக்கம், ஏனெனில் உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் போய்விடுகிறது. பால் வழியாகவும் போகும். தாய்க்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய் வெளியே நடமாடுவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வேண்டும். மென்மையான வயிறு உள்ள நாய்க்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மலப் பரிசோதனை செய்து, இருந்தால் மட்டும் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு இது நல்ல ஏற்பாடு. செம்பனைக் காட்டில் எலி பிடிக்கும் நாய்க்கு அல்ல.

13. முற்றத்து மண்ணைச் சரிசெய்யுங்கள்

அடிக்கடி மருந்து கொடுக்க வேண்டியிருப்பதே வயிற்றுக்குச் சுமை. அதைக் குறைக்க மண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் கொக்கிப்புழு சுமார் ஒரு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். தோலைத் துளைத்தும் உள்ளே போகும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மலத்தைத் தினமும் அள்ளிவிட்டால் இந்தச் சுழற்சி அங்கேயே அறுபடும். வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக அள்ளுவதில் பயனில்லை.

லயத்து வீட்டுப் பின்கட்டில், மர நிழலில், குழாயடி நீர் வழிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில்தான் சின்ன நாய்கள் பகலில் படுத்திருக்கும். அந்த நீரைக் கால்வாய்க்குத் திருப்பி, நாய்க்கு உலர்ந்த சிமெண்டுத் தரையில் இடம் ஒதுக்குங்கள். அள்ளிய மலத்தைக் காய்கறிப் பாத்தியில் போடாதீர்கள். கோழிக் குடலையும் வேட்டையில் கிடைத்த பன்றி இறைச்சியையும் பச்சையாகப் போடாமல் வேகவைத்துப் போடுங்கள்.

இந்நாட்டு நாய்களிடம் பரவலாகக் காணப்படும் அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம் என்ற கொக்கிப்புழு மனிதக் குடலிலும் வளரக்கூடியது. பிள்ளைகள் அந்த முற்றத்தில் செருப்பில்லாமல் விளையாடினால், நாய்க்கு மருந்து கொடுக்கும் வாரத்தில் அவர்களையும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) காட்டி, வீட்டு நாயிடம் கொக்கிப்புழு கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அங்கே சொல்லுங்கள்.